தினமும் எதிர்த்திசையில் வந்த தலைமையாசிரியை

என் மகள் செங்கல்பட்டில் பத்தாம் வகுப்பு படித்தாள். அவள் பள்ளித் தலைமையாசிரியைக்கு வீடு கூடுவாஞ்சேரியில். அப்படிப்பட்டவர் தினமும் மாலையில் எதிர்த்திசையில், எங்கள் திருக்கழுக்குன்றம் பேருந்தில் என் மகளோடு வருகிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். என்ன விசாரிக்கிறார்? எங்கள் வீட்டை வேவு பார்க்கிறாரா? மகளைக் கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தேகம் இன்னும் வலுத்தது.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். மகளுக்குப் பின்னாலேயே அவர் இறங்கினார்.

“இன்னா டீச்சர், எம் பொண்ணு பின்னாடியே சுத்திகினு கீறீங்க?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவர் கோபப்படாமல் என்னை ஓரமாக அழைத்துப் போனார். “பஸ்ல ஒருத்தன் பொண்ணுங்கள உரசுறாம்மா. போலீஸ்ல சொல்லிருக்கேன். அவன் மாட்டுற வரைக்கும் கூட வரேன்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?” என்று மகளைக் கேட்டேன்.

“சொன்னா ஸ்கூல்லேர்ந்து நிறுத்திருப்ப.”

நிறுத்தித்தான் இருப்பேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் திரும்பிப் போகும் பேருந்து வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். அடுத்த வாரம் அவன் பிடிபட்டான். மகள் பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கேயே படித்தாள்.