அண்ணாவின் மூடியடுப்பும் பாலை விறகும்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். மறைந்தவர் நிறைவாக வாழ்ந்து அமைதியாகப் போனார் என்று இப்படியான மலர்களில் எழுதுவது வழக்கம். என்னால் அப்படி எழுத முடியவில்லை. என் அண்ணா நிறைவாகப் போகவில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு விடயம் நடக்காமலே போய்விட்டது. அதை மறைத்து நாலு நல்ல வார்த்தை எழுதினால், அவரோடு பழகிய உங்களுக்கே அது பொய்யென்று தெரிந்துவிடும்.

எங்கள் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து, வன்னியில் ஒரு குளத்துப் பாசனத்தின் கீழே குடியேற்றக் காணி கிடைத்துத் துணுக்காய்ப் பக்கம் வந்தவர்கள். அண்ணா இங்கேதான் பிறந்தார். அவருக்குப் பிறகு தங்கச்சி நான். காடு வெட்டித் திருத்திய வயலில் இரண்டு போகமும் சரியாக விளையாத காலத்தில் அப்பா பாம்பு கடித்து இறந்துபோக, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அண்ணா சேற்றில் இறங்கினார். என்னைப் படிக்கவைத்தவர் அவர். எனக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் தன்னுடைய கலியாணத்தைப் பற்றிக் கதைக்கவே விட்டார். கோபக்காரர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாய்க்கால் தண்ணீரை மறித்தவர்களும் விதைத்த வயலுக்குள் மாட்டை விட்டவர்களும் அவருடைய வாயை இலேசில் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களில் இரண்டொருவர் இந்த மலரையும் வாங்கியிருப்பீர்கள். செத்தவீட்டில் முதலில் வந்து நின்றவர்களும் நீங்கள்தான்.

அண்ணியை இறுதி யுத்தத்தில் இழந்தோம். எங்கே, எப்படி என்று எழுத எனக்குத் தெம்பில்லை. முகாமிலிருந்து அண்ணா தன் ஒரே மகனோடு திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்து வளவில்தான் என் வீடு. அந்தச் சுவருக்குள் தகப்பனும் மகனும் இருந்தார்களே தவிர, ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

அவ்வளவுதான் அந்த வீட்டுக் கதை. கதைக்கத் தொடங்கினால் அண்ணியைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும் என்று இருவருமே பயந்தார்கள். பிறகு மகன் படகேறி அவுஸ்திரேலியா போய்விட்டான். போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். அங்கே அவனுக்குக் கிடைத்தது தற்காலிக விசா. அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. இன்றைக்கு வரைக்கும் அதே நிலைதான்.

அவன் அங்கே இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைத்து விற்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சில வருடங்களுக்கு முன் கப்பலில் அவன் அனுப்பிய பெட்டியைப் பிரித்தபோது, துவாய்களுக்கும் சவர்க்காரங்களுக்கும் நடுவில் கறுப்பாக, உருண்டையாக, மூன்று காலோடு ஒரு அடுப்பு இருந்தது. மேலே கவிழ்த்த சட்டி போல ஒரு மூடி. மூடியில் காற்றுப் போக ஒரு துவாரம், அடியில் இன்னொன்று. அண்ணாவின் கூட்டாளியான எதிர்வீட்டு மணியண்ணை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன மச்சான், பெடியன் உனக்குப் பானை அனுப்பியிருக்கிறான்? இது நெல்லவிக்கவும் காணாதே!"

மகன் போனில் முகம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தான். "அப்பா, கரி நெருப்பை ஒரு பக்கம் தள்ளுங்கோ. இறைச்சியை மற்றப் பக்கம் வையுங்கோ. நெருப்பு இறைச்சியிலை படக்கூடாது. கரிக்கு மேலை காய்ஞ்ச விறகுத் துண்டு ஒண்டை வைச்சு மூடுங்கோ. சூடும் புகையும்தான் அவிக்கோணும்."

"எவ்வளவு நேரம்?"

"காலமை வைச்சால் பின்னேரம்."

"பின்னேரமோ? அதுக்குள்ளை நான் ஒரு வயல் உழுதுபோட்டு வந்திடுவன்."

முதல் கோழி வெளியே கரி, உள்ளே பச்சை. பிழை அடுப்பில் இல்லை, எங்களில்தான். அடுப்பில் ஒன்று இருந்தால் போய்த் திறந்து பார்க்காமல் இருக்க நம் ஆட்களுக்கு முடியாது. வந்தவர் போனவர் எல்லாரும் "எங்கை, பாப்பம்" என்று மூடியைத் தூக்கினார்கள். தூக்கத் தூக்கச் சூடு போனது, காற்றுப் பட்டுக் கரி மூண்டது. அடுத்த முறை அண்ணா அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் காவலுக்கே இருந்துவிட்டார். "மூடியிலை கை வைச்சால் கை இருக்காது" என்று சொல்லிக் கோயில் ஐயரைக்கூட அவர் எட்டி நிற்கவைத்தது ஊருக்குத் தெரிந்த கதை. ஐயர் மணத்துக்கு வரவில்லை, வேறு அலுவலாக வந்தார் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

இறைச்சியாலும் சண்டை வந்தது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பல பேர் காசு சேர்த்துப் பங்கு ஆடு அடித்தால் தொடை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சிறிதாக வெட்டி ஒவ்வொரு குவியலிலும் சமமாக விழவேண்டும். அண்ணா போய் வெட்டாத முழுத்தொடை ஒன்று தரச்சொல்லிக் கேட்டார். பங்கு பிரிப்பவர் மணியண்ணை.

"நீ முழுத்தொடையைத் தூக்கிக்கொண்டு போனால் மற்றப் பங்குக்காரர் என்னத்தைத் தின்னுறது? உன்ரை பானைக்காக ஊர் வழக்கத்தை மாத்த ஏலாது."

இரண்டு பேரும் கொஞ்சக் காலம் முகம் பார்க்காமல் திரிந்தார்கள். அண்ணா கடைசியில் தானே ஆடு வளர்த்தார்.

அந்த அடுப்பைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அது வந்த பிறகுதான் தகப்பனும் மகனும் கதைக்கத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கதிரையில் சாத்தி வைத்துவிட்டு நாள் முழுக்கக் கதை. அடித் துவாரத்தை எவ்வளவு திறப்பது, புகை என்ன நிறம் என்பதுதான் கதை. வெள்ளைப் புகை கூடாது, இறைச்சி கசக்கும். மெல்லிய நீலமாக வரவேண்டும். ஒரு நாள் அந்தப் பேச்சுக்கிடையில் அண்ணா முதன்முறையாக அண்ணியைப் பற்றி, "கொம்மாவுக்கு ஈரல்தான் விருப்பம்" என்றார். பிறகு மகன், "ஓம் அப்பா, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

எங்கள் வயல் வரம்பில் நின்ற பெரிய பாலைமரம் ஒரு சூறைக்காற்றில் விழுந்தது. பாலை விறகு நின்று எரியும், புகையும் சுத்தம். அண்ணா அதைத் துண்டு துண்டாகத் தறித்து, வீட்டின் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிக் காயவிட்டார். மற்ற நாட்களில் புளியங்கொம்பும் சிரட்டைக்கரியும்தான் எரித்தார். பாலையில் ஒரு சிராம்பைக்கூட என்னை எடுக்கவிடவில்லை.

"அது பெடியன் வரேக்கை எரிக்க. அவன் வந்தால் நான் வைப்பன், அவன் பாத்துக்கொண்டு இருக்கட்டும்."

இதற்குமேல் எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. அண்ணாவுக்குச் சாப்பாடு விழுங்க முடியாமல் வந்தது. முதலில் சோறு, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீரும். தொண்டைக்குக் கீழே புற்றுநோய் என்றார்கள். "புகைக்குப் பக்கத்திலை இருந்து இருந்துதான் வந்தது, பெடியன் அனுப்பின சாமான்தான் தகப்பனைத் தின்னுது" என்று சிலர் கதைத்தார்கள். யார் கதைத்தது என்று எனக்குத் தெரியும். கதைத்தவர்கள் இதையும் வாசிக்கட்டும்: அந்தக் கதை கடல் கடந்து அவனிடமும் போய்ச் சேர்ந்தது. நான் வைத்தியரிடம் நேராகவே கேட்டேன். "இதாலைதான் வந்ததெண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது அம்மா" என்றார். அதை அவனிடம் சொன்னேன்.

"இல்லையெண்டும் சொல்லேல்லையே மாமி" என்றான் அவன்.

விசா போனால் போகட்டும், நான் வருகிறேன் என்று அவன் நின்றான். அண்ணாவுக்கு அப்போது குரல் தேய்ந்துவிட்டிருந்தது. போனை வாய்க்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லித்தான் கதைத்தார்.

"வராதை. நான் எப்பிடியும் போறவன். நீ வந்து இஞ்சை என்ன செய்யப்போறாய்? அங்கையே இரு."

அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, மாரி தொடங்கப் போகுது, விறகுக்கு மேலே தறப்பாளைப் போடு, நனைந்துவிடும் என்றார். வரவேண்டாம் என்று சொன்னதும் அவர்தான், வருவான் என்று விறகை மூடச் சொன்னதும் அவர்தான். இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். வெறும் எலும்பாக, பின்கதவடியில் கதிரையில் இருந்து அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய கடைசிக் கிழமைகளாகப் போயிற்று.

அவர் போனது அடைமழையில். கிளிநொச்சியில் இருந்து சவப்பெட்டி வாங்கி வந்தபோது வளவுக்குள் முழங்கால் தண்ணீர். பிரேதம் எடுக்கிற அன்று மணியண்ணை நனைந்தபடி வந்து என் முன்னால் நின்றார். என் மூத்த மகனின் கையில் போன், அதற்குள் அண்ணாவின் மகனுடைய முகம்.

"தங்கச்சி, சுடலையிலை கிடக்கிற விறகு முழுக்க ஈரம். எண்ணெய் ஊத்தினாலும் நெருப்புப் பத்தாது. ஊர் முழுக்கத் தேடிப்போட்டன். கொண்ணன் அடுக்கினது ஒண்டுதான்..." பின்பக்கத்துத் தகரக் கூரையைக் கையால் காட்டினார்.

நான் போனைப் பார்த்தேன். மணியண்ணை சொன்னது அவனுக்குக் கேட்டிருந்தது.

"எடுக்கச் சொல்லுங்கோ மாமி. அப்பா நனையாமல் போகட்டும்."

மணியண்ணை போய்த் தறப்பாளை இழுத்தார். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகன் வைக்கவேண்டிய கொள்ளியை என் மூத்தவன் வைத்தான். உடனே பற்றி நின்று எரிந்தது, மழைக்கும் அணையவில்லை என்று வந்து சொன்னான். அண்ணாவின் மகன் போனுக்குள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தானாம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, இறந்தவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். மணியண்ணை பங்கு ஆட்டில் வெட்டாத முழுத்தொடை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒரு பங்குக்காரரும் வாய் திறக்கவில்லை. "கேட்ட நேரம் குடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் அண்ணா வைப்பதுபோலப் போனைக் கதிரையில் சாத்திவிட்டு, அவருடைய மூடியடுப்பை மூட்டினேன். பாலையில் ஒரு துண்டும் இல்லை. நனைந்த புளியங்கொம்பைத்தான் கரிக்கு மேலே வைத்தேன்.

"புகை என்ன நிறம் மாமி?"

"வெள்ளை, அப்பு."

"திறக்காதேங்கோ. பொறுங்கோ, நீலமாகும்."

அன்றைக்கு ஒருவரும் மூடியைத் தொடவில்லை. வந்த சனமெல்லாம் எட்டி நின்றது. பின்னேரம் வரைக்கும் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னேரம் வரைக்கும் வெள்ளையாகத்தான் போனது. படைத்துவிட்டு ஒரு துண்டை வாயில் வைத்தேன். கசந்தது. எப்படி மாமி என்று கேட்டான். நல்லாயிருக்கு என்றேன். அவன் நம்பவில்லை.

அண்ணாவை நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், கொட்டும் மழையில் பந்தல் போட்டவர்களுக்கும், எட்டுச் செலவு வரைக்கும் அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு நேரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், வெள்ளத்துக்குள்ளால் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், கடல் கடந்து அழுத உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விறகுக்கு மட்டும் நன்றி சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. அதை அண்ணாவே தறித்து, அண்ணாவே அடுக்கி, மகன் வருவான் என்று நனையாமல் வைத்திருந்தார்.