பாய் தேய்த்த சிலிண்டர்

திருத்தங்கலில் வண்டி இஞ்சின் சிலிண்டரை உள்ளே கடைந்து சீராக்கும் போரிங், ஹோனிங் வேலையில் முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எப்போதுமே என்னைவிட அதிகம் தெரியும். இப்போது எல்லார் கையிலும் போன் வந்துவிட்டதால் மீதிப் பாதிக்கும் தெரிந்துவிட்டது.

சிக்கந்தர் பாய் அந்த மீதிப் பாதியைச் சேர்ந்தவர். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். ஒருநாள் தன் பைக் சிலிண்டரை வேஸ்ட் லேபிள் தாளில் சுற்றி எடுத்து வந்தார்.

"மெக்கானிக்கே வேண்டாம்னு இஞ்சினை வீட்லயே பிரிச்சுட்டேன் அண்ணாச்சி. வீடியோவுல பன்னெண்டு நிமிஷத்துல மாட்டி முடிச்சுட்டான்."

"நீங்க பிரிச்சு எம்புட்டு நாளாச்சு?"

"ஒம்பது நாளாச்சு" என்றார்.

பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் செட்டும் வாங்கி வந்திருந்தார். கடையில் மூன்று கம்பெனி ரிங்கை எடுத்துப் போட்டார்களாம். அதில் நன்றாக மின்னியதை எடுத்திருக்கிறார். அது பழைய அளவு ரிங். தேய்ந்த சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிதாக போரிங் பண்ணினால் பிஸ்டனும் ரிங்கும் அதே சைஸில் வேண்டும். திருப்பிக் கொடுத்து, பெரிய சைஸில் பிஸ்டனும் ரிங்கும் வாங்கி வரச் சொல்லி, போரிங் பண்ணினேன். புது ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை பீலர் கேஜ் தகட்டால் அளந்து பார்த்தேன். ஹோனிங் கல்லை விட்டு, உள்சுவர் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாகக் கோடு இழுத்துக் கொடுத்தேன்.

கோடு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை தெரிந்தவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அடுத்த வாரம் பாய் வந்தார். அவருக்கு முன்னால் நீலப் புகை வந்தது.

"நாரணாபுரம் கம்பெனியில வாட்ச்மேன் கேட் பக்கமே விட மாட்டேங்கான் அண்ணாச்சி. கொசு மருந்து வண்டியெல்லாம் பட்டாசுக் கம்பெனிக்குள்ள வரக்கூடாதுங்கான். சனிக்கிழமைக்குள்ள வண்டி சரியாகலேன்னா சீசன் ஆர்டரை வேற பிரஸ்ஸுக்குக் கொடுத்துருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

லேபிள் கட்டுகளைத் தினமும் அந்த வண்டியில்தான் கொண்டுபோகிறார். சீசன் ஆர்டர் போனால் பிரஸ்ஸுக்கு வருஷமே போன மாதிரி. எனக்கும் பயம் வந்தது. உடனே கழற்றிப் பார்த்தேன். சிலிண்டருக்குள் என் மூஞ்சி தெரிந்தது.

"நான் போட்ட கோடெல்லாம் எங்க பாய்?"

"உள்ள பூராவும் கீறலா இருந்துச்சு. சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னு, ரெண்டு நாள் உக்காந்து நானே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன். லேபிள்ல இப்படி ஒரு கீறல் இருந்தா கம்பெனிக்காரன் லோடையே திருப்பி விட்ருவான்."

என் வேலையைக் கெடுத்துவிட்டு என்மேல் இரக்கமும் பட்டிருக்கிறார். கோபத்தை விழுங்கிக்கொண்டு, அந்தக் கோட்டில்தான் ஆயில் தங்கும், ரிங் படிந்து உட்காரும், இல்லையென்றால் ஆயில் மேலேறி எரிந்து இப்படித்தான் புகையும் என்றேன். டாக்டரிடம் தலையாட்டுவதுபோல் ஆட்டினார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை.

"சரி பாய், லேபிள்ல வார்னிஷ் அடிச்ச பக்கம் பசை தடவி ஒட்டுவீகளா?"

"அதெப்படி ஒட்டும்? வழுக்கிட்டுல்ல போகும். சொரசொரப்பா இருக்க பின்பக்கந்தான்..." என்றவர் நிறுத்தினார். சிலிண்டரை வாங்கி உள்ளே விரலால் தடவினார். "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் தேய்க்கப் போறேன்?"

சிலிண்டரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மறுபடி ஹோனிங் பண்ணி, புது ரிங் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். இந்தமுறையும் வீட்டில்தான் மாட்டினார். சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"வாட்ச்மேன் சைலன்சர்ல மோந்து பாத்துட்டு விட்டுட்டான் அண்ணாச்சி. ஆர்டர் நமக்குத்தான்."

பத்து நாள் கழித்து ஒரு கட்டு ஸ்டிக்கர் கொண்டுவந்தார். "உள்ளே இருப்பது கீறல் அல்ல. தேய்க்காதீர்கள்." மேலே நல்ல வார்னிஷ். இப்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒன்று ஒட்டி, வாயாலும் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஒரே ஒரு தடவை வந்துவிட்டுத் திரும்பி வராதவர்களை எல்லாம் திருப்தியாகப் போனவர்கள் என்றுதான் முப்பது வருஷமும் நினைத்திருந்தேன். அவர்களில் எத்தனை பேர் என் மனசு சங்கடப்படக் கூடாதென்று வீட்டில் உட்கார்ந்து தேய்த்தார்களோ, தெரியவில்லை.