ஆடியில் வடக்கே

வுப்பர்டாலில் குறடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் இராசலிங்கத்தின்மேல் அவருடைய உறவினர் எல்லோருக்கும் தனிப் பிரியம். கூப்பிட்ட கொண்டாட்டம் எதற்கும் அவர் போகாமல் விட்டதில்லை. பாரிசில் தங்கை மகளின் கலியாணம், லண்டனில் பெறாமகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு, சூரிச்சில் ஒன்றுவிட்ட தம்பியின் புதுவீட்டுக் குடிபூரல் என்று, ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்த காலம் முதல் அவருடைய விடுமுறை முழுவதும் மண்டப வாசல்களில் பன்னீர் வாங்கியே கரைந்துபோயிற்று.

அவர் போக விரும்பிய இடம் வேறு. சுவீடனின் வடகோடியில், நோர்வே எல்லையோரமாக, பட்யெலாந்தா என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் நாம் நினைக்கிற, உட்காரும் வாங்குகளும் பூப்பாத்திகளும் அங்கே இல்லை. மரம் வளர மறுக்கும் மேட்டுநிலம், கடல்போலக் கிடக்கும் ஏரிகள், கோடையிலும் பனி ஒட்டிய மலைகள், மேயும் துருவமான்கள். உள்ளே தெரு கிடையாது. சேற்றுநிலத்தின்மேல் போட்ட பலகைகளில் நடந்து, வழியிலுள்ள குடில்களில் தங்கிப் போகவேண்டும்.

கூட வேலை செய்த குந்தர், ஓய்வுபெற்றுப் போவதற்கு முன்பு அந்த இடத்துப் படம் ஒன்றைக் காட்டியிருந்தார். ஈரப் புல்லின்மேல் பலகைப் பாதை ஓடி, மெலிந்து, நூலாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

“இது எங்கே போய் முடிகிறது?” என்று இராசலிங்கம் கேட்டார்.

“நீ களைத்துப் போகிற இடத்தில்” என்றார் குந்தர்.

குந்தர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். இராசலிங்கத்தால் பகிடியாக எடுக்க முடியவில்லை. அகதியாக வந்த புதிதில் அவரை சவர்லாந்து மலைப்பக்கத்து விடுதி ஒன்றில் வைத்திருந்தார்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் அந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பின்னேரங்களில் காட்டுப்பாதையால் மாவட்ட எல்லைக் கல்வரைக்கும் நடப்பார். கல்லுக்கு அப்பாலும் அதே மரம், அதே பாதை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இன்றைக்கு அவர் எங்கும் போகலாம். ஆனாலும் நீட்டி நடக்கவேண்டும், நடந்துகொண்டே இருக்கவேண்டும், ஒருவரும் மறிக்கக் கூடாது என்ற அந்த ஆசைமட்டும் ஆறாமல் கிடந்தது. வலது முழங்காலும் படி இறங்கும்போது முனகத் தொடங்கிவிட்டது. இனித் தள்ளிப்போட ஏலாது.

தொழிற்சாலையில் கோடை விடுமுறையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். இந்த வருடம் எப்படியோ ஓகஸ்ட் மாதத்தின் முதல் பாதி அவருக்கு விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“ஆடி மாசமப்பா! ஆடியில ஒருத்தரும் கலியாணம் வைக்கமாட்டினம். சாமத்தியவீடும் இல்லை, குடிபூரலும் இல்லை. எங்களை ஒருத்தரும் கூப்பிட ஏலாது! சுவீடனுக்குப் போவம்!”

முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வந்திருந்த மனைவி புஷ்பா, சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டா:

“அங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“ஒண்டும் இல்லை.”

“ஒண்டும் இல்லாததைப் பாக்கவோ இவ்வளவு தூரம்? லைற்றை நூத்துப்போட்டு வீட்டுக்குக் கீழ இருக்கிற எங்கட கெல்லருக்க போய் நில்லுங்கோ. அதுவும் அப்பிடித்தான் இருக்கும்.”

“நீர் வாறீரோ, இல்லையோ?”

“வராமல்? சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனுசனைத் தனிய விட்டால், பிறகு சுவீடன்காரனுக்கு ஆர் பதில் சொல்றது?”

ஸ்ரொக்ஹோமிலிருந்து வடக்கே போகும் இரவு ரயில், பிறகு பஸ், ஏரியைக் கடக்கப் படகு. அதன் பிறகு கால்கள்தான். இராசலிங்கம் வேலைக்குப் போகும்போதே புதுச் சப்பாத்தைப் போட்டுப் பழக்கினார். மழை நாளிலும் குடை பிடிக்காமல் நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தார்.

சித்திரை மாதம் பாரிசிலிருந்து தங்கை சுகன்யாதேவி தொலைபேசியில் வந்தா.

“என்னண்ணை, துருவமானுக்குக் கலியாணமோ? எங்களுக்கு அழைப்புக் காட் வரேல்லை!”

“நீ வராட்டித்தான் அது கலியாணம்” என்று சிரித்தார் இராசலிங்கம்.

“அதுசரி, ஆடி அமாவாசைக்கு முன்னம் திரும்பிடுவியள்தானே?”

இராசலிங்கம் மறுபடி கலண்டரைப் புரட்டினார். கலியாணம் இல்லாத மாதத்தைத் தேடிப் பிடித்தவர், அந்த மாதத்தில் என்ன இருக்கிறது என்பதை மறந்துபோனார். தகப்பனை இழந்த ஆண்பிள்ளைகள் விரதமிருந்து எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள், அவர் நடக்கப் போகும் நாட்களின் நட்டநடுவில் வந்து நின்றது.

அவருடைய தகப்பன் செத்தது, போரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டுச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது. செய்தி சவர்லாந்து விடுதிக்கு வந்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது அயலவர் ஒருவராம். மூத்த மகனான அவர் எல்லைக் கல்வரை போய் நின்றதுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஒரு ஆடி அமாவாசையையும் அவர் விட்டதில்லை. இந்த வருடம் விட்டால் மனம் ஆறாது. போகாவிட்டாலும் மனம் ஆறாது. ரயில் சீட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்த்தார். அன்று சாப்பிடவும் இல்லை.

புஷ்பாதான் கோயில் குருக்களுக்குத் தொலைபேசி எடுத்தா. குருக்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தண்ணி சுத்தமாயிருந்தால் போதும். எள்ளும் தர்ப்பையும் கொண்டுபோங்கோ. மந்திரத்தைப் பதிஞ்சு அனுப்பிறன். காகத்துக்கு ஒருபிடி வைச்சுப்போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கோ.”

“காகம் இல்லாட்டி, ஐயா?”

“காகம் இல்லாத ஊரும் இருக்கோ, தங்கச்சி!”

இருக்கும் என்று இராசலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. மரமே இல்லாத இடத்தில் காகம் எங்கே கூடு கட்டும்? மறுநாள், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பூங்காவின் தகவல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அமாவாசையன்று தான் நிற்கப்போகும் விரிஹவுரே ஏரிக்கரையில் காகம் உண்டா என்று கேட்டார். மறுமுனையில் பேசிய பெண் எல்லாவகைக் கேள்விகளையும் கேட்டுப் பழகியவள்போல இருந்தாள்.

“பெரிய அண்டங்காக்கைகள் உண்டு. மான் மந்தைக்குப் பின்னால் வரும்” என்றாள். “எதற்காக?”

“என் தகப்பனுக்காக. ஒருபிடி சோறு வைக்கவேண்டும்.”

“வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தின்னாமல் விட்டால் சோற்றை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஒன்று செய்யுங்கள், அங்கே ஒருநாள் கூடுதலாக நில்லுங்கள்.”

விடுமுறை நீளாது. ஏரிக்கரையில் ஒருநாள் கூடினால், அதற்கு அப்பால் பாதையின் மறுமுனைவரை போக ஏலாது, அங்கிருந்தே திரும்பவேண்டும். இராசலிங்கம் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஏரிக்குத் தெற்கே போகிற கோட்டை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு குடிலில் இன்னுமொரு இரவுக்குப் பதிந்தார்.

“அண்டைக்கும் காகம் வராட்டி?” என்று கேட்டா புஷ்பா.

“வருமட்டும் இருப்பம். அங்க எங்களை ஆர் எழும்பச் சொல்லப் போகினம்?”

“அப்ப மிச்சப் பாதை?”

அவர் வரைபடத்தை மடிக்காமலே சொன்னார்:

“வாற வருசமும் ஆடி வரும்தானேயப்பா.”