மாஸ்டரின் வலது கால்

சாந்த மாஸ்டருக்குக் கோபமே வராது. இதை ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்த நாட்களில் அவரே சொல்லுவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு, அதிலும் கியரை ஒடித்துக் கையில் எடுத்துவிடுவார்களோ என்று பயப்படும்படி மாற்றுகிறவர்களின் பக்கத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கிறவருக்கு, கோபம் வராமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? எதிரே லாரி வந்தாலும் அவர் குரல் ஏறாது. "பரவாயில்லம்மா, பதறாதீங்க, வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார். வண்டியும் ஓடிப் போகாது. அதற்குள் அவர் பிரேக்கை மிதித்திருப்பார்.

பயிற்சிக் காரில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது. மாஸ்டருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. வளைவு வந்தால் மிதிப்பார், நாய் வந்தால் மிதிப்பார், நாய் வந்துவிடுமோ என்று தோன்றினாலும் மிதிப்பார். முகத்தில் மட்டும் புன்னகை மாறாது. இடுப்புக்கு மேலே மட்டும் பார்த்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவரிடம் கற்றவர்கள் எல்லாரும், முச்சந்தி வந்தால் கார் தானாகவே நின்றுவிடும் என்று மனதார நம்பினார்கள். லைசென்ஸ் டெஸ்டில் பக்கத்தில் இருப்பவர் இன்ஸ்பெக்டர். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார் பாட்டுக்கு நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். "அந்த ஆளுக்கு ஈவு இரக்கமே கிடையாதுங்க" என்று மாஸ்டர் ஆறுதல் சொல்லி, தோற்றவர்களை மறுபடி முதல் பாடத்தில் சேர்த்துக்கொள்வார்.

அதே டிரைவிங் பள்ளியில் இன்னொரு காரில் சொல்லித்தருபவருக்கு வெடி டீச்சர் என்று பெயர். அவர் கத்தினால் தெருமுனைக் கடைக்காரர் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். "பாவம், உள்ள என்ன கஷ்டமோ, இப்படிக் கொட்டித் தீர்க்குறாங்க" என்று மாஸ்டர் அடிக்கடி இரக்கப்படுவார். அப்படி இரக்கப்படும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். அதை அவர் கவனித்ததில்லை.

இந்த நிலையில்தான் மாஸ்டரிடமே கற்ற அவர் மகளே டெஸ்டில் தோற்றாள். அதுவும் இரண்டு தடவை, இரண்டிலும் கோட்டைத் தாண்டி. அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். தொலைவில் ஓர் ஊரில் வேலை கிடைத்திருந்தது. பண்ணை பண்ணையாகத் தானே ஓட்டிக்கொண்டு போய் மாடுகளைப் பார்க்க வேண்டும். லைசென்ஸோடு வந்தால் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த கெடுவுக்குள் இன்னும் ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் இடமிருந்தது.

"அப்பா, நான் டீச்சர்கிட்ட கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றாள் சாப்பாட்டின் நடுவே.

"தாராளமா போம்மா. உன் இஷ்டம்" என்றார் மாஸ்டர், குரல் ஏறாமல். பிறகு தட்டைப் பாதியில் ஒதுக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வீட்டில் பேச்சு நின்றது. வாய்வரை போன மகளின் கையும் நின்றது.

"மிதிச்சாச்சு" என்றார் அவர் மனைவி.

"நான் என்ன பண்ணேன்? ஒரு வார்த்தை சொன்னேனா?"

"எங்க சொன்னீங்க? கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல. நாங்கதான் குலுங்கிக் குலுங்கி நின்னுக்கிட்டிருக்கோம்."

மாஸ்டருக்கு அது விளங்கவில்லை. விளங்காததால் மன்னித்தும் விட்டார்.

ஆனாலும் மகளைத் தனியாக வெடி டீச்சரிடம் விட மனம் வரவில்லை. "சும்மா கூட வரேன்" என்று சொல்லி, மறுநாள் டீச்சரின் காரில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து அவருக்கு எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே மிதிக்க ஒன்றுமில்லை, ஒரு ரப்பர் விரிப்பைத் தவிர.

"கண்ணு எங்க இருக்கு, பின்மண்டையிலயா? கிளட்ச்ச விடு! விடுன்னா விடணும்!" என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். டீச்சர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார். பிரேக் சீந்துவாரில்லாமல் கிடந்தது. என்ன பொறுப்பில்லாத பெண்பிள்ளை, பள்ளி முதலாளியம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினார். அதே சமயம் சந்திலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. மாஸ்டரின் வலது கால் விரிப்பை ஓங்கி மிதித்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிரேக் போட்டது மகள்தான்.

"ம், இவ்ளோதான்! இதுக்குப் போய் ரெண்டு தடவ தோத்தியா?" என்று டீச்சர் கத்த, மகள் கலகலவென்று சிரித்தாள். தன் காரில் அவள் சிரித்ததே இல்லை என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைத்தெருவைத் தாண்டியதும் சாலை நேராக, ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தது. மகள் கியரை உயர்த்தினாள். கார் சுகமாக ஓடியது. லாரி இல்லை, வளைவு இல்லை, வருவதற்கு நாய்கூட இல்லை. மாஸ்டரின் கால் மட்டும் விரிப்பை மிதித்தபடியே இருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். இப்போது யாரைக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டார். பதில் தெரிந்தபோது அவருக்கே கூச்சமாக இருந்தது. உள்ளங்காலிலிருந்து சூடாக ஏதோ கிளம்பித் தொண்டைக்கு வந்தது.

"நிறுத்து!"

வெடி டீச்சரே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். மகள் பதறாமல் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். தண்ணீர் டம்ளர் வைத்திருந்தால் தளும்பியிருக்காது.

"என்னப்பா? என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. நல்லா ஓட்டுற. அதான்." மாஸ்டரின் குரல் ஏறியிருந்தது. "எனக்குக் கோவம் வருது. நீ போறது எனக்குப் பிடிக்கல. நீ பாஸாகக் கூடாதுன்னு இந்தக் காலுக்கு இருக்கு." குனிந்து காலைப் பார்த்துவிட்டு, "காலுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான்" என்றார்.

வெடி டீச்சர் ரகசியம் பேசுவதுபோல், "நான் வேணா இறங்கி நிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் டீச்சர், இருங்க. உங்களப் பத்தி நான் நிறையத் தப்பா நெனச்சிருக்கேன். அதையும் ஒரு நாள் சொல்றேன்."

"இத வாயத் தொறந்து முன்னாடியே சொல்லியிருந்தா என்னப்பா?" என்றாள் மகள்.

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ரெண்டு டெஸ்ட் மிச்சமாயிருக்கும்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவள் போய்விடுவாள், வீடு வெறிச்சோடிவிடும், அதற்கு அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. அது பொறுக்க முடியாததாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன பிறகு மூச்சு விட முடிந்தது.

கார் மறுபடி கிளம்பியது. முச்சந்தி வந்தது. மகள் கோட்டுக்கு இந்தப் பக்கமே, யாரும் சொல்லாமல், நிறுத்தினாள். பிறகு கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பின்னாடி என்ன பார்வை? ரோடு காலியாத்தான கெடக்கு, போ!" என்று கத்தினார் வெடி டீச்சர்.

"போம்மா" என்றார் மாஸ்டர்.

அவள் போனாள்.