விஜயம் நிறுத்திப் பார்த்த மின்னல்

விஜயம் திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்து அட்டெண்டர். வருஷா வருஷம் இண்டக்ஷன் காயிலை அலமாரியிலிருந்து இறக்கி, அதன் பித்தளை முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, பாட்டரி இணைத்து வைப்பது அவள் வேலை. பாடம் நடத்தும் பாகீரதி டீச்சர் சாவியைத் திருப்பியதும் இரண்டு முனைக்கும் நடுவே ஊதா நிறத்தில் பொறி சடசடவென்று பாயும். மாணவிகள் பின்வாங்குவார்கள், விஜயம் முன்னால் குனிவாள். ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு போகும். பத்தொன்பது வருஷம் பார்த்தும் ஒன்றையாவது அவளால் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை. கண் போய்ச் சேருவதற்குள் அது அணைந்திருக்கும்.

1986-இல் கல்லூரிக்கு வெள்ளி விழா வந்தது. வீடியோ எடுக்க ஆறுமுகசாமி வந்தார். தம்பானூரில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணங்களுக்குப் போகிறவர். கேமரா, அவர் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஆய்வகத்தில் காயில் ஓடியபோது, கேமராவுக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்து எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றுதான் படம் பிடித்தார். பிறகு டெக்கில் ஓட்டிக் காட்டும்போது ஓரிடத்தில் அவர் கை தற்செயலாக, படத்தை நிறுத்தும் பாஸ் பட்டனில் பட்டது. டிவியில் பொறி அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, கைய எடுக்காதீங்க" என்றாள் விஜயம். "நல்லா பாத்துக்கிடுதேன்."

அன்றைக்கு அவள் சோறு உண்ணவே மறந்துபோனாள். மறுநாள் உச்சி இடைவேளையில், டீச்சரிடம் அனுமதி வாங்கி, ஆறுமுகசாமியை வரவழைத்து காயிலை மட்டும் கால்மணி நேரம் படம் பிடிக்க வைத்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானமெல்லாம் ஸ்டுடியோவில்தான். டிவி கண்ணாடிமேல் எண்ணெய்த்தாளை ஒட்டி, நிற்கிற பொறியைப் பென்சிலால் வரைவாள். டேப்பை ஒரு ஃபிரேம், ஒரே ஒரு படம் மட்டும், தள்ளச் சொல்லி அடுத்ததை வரைவாள். கல்யாண ஆல்பம் வாங்க வந்தவர்கள் இவள் என்ன தையல் டிசைனா எடுக்கிறாள் என்று கேட்டார்களாம்.

நாற்பது தாள் தேறியபோது ஒன்று புலப்பட்டது. பொறி அணைந்த பின்னும் அடுத்த படத்தில், அதே இடத்தில், வெளிறிய கோடு ஒன்று தங்கியிருந்தது. டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். டீச்சரும் வந்து பார்த்து அசந்துபோய், துறைத் தலைவரிடம் அப்போதே சொல்லிவிட்டார்.

விஜயத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆறுமுகசாமியிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்து, கேமராவுக்கு முன்னால் எரியவிட்டுச் சட்டென்று அணைக்கச் சொன்னாள். ஓட்டிப் பார்த்தால், அணைந்த டார்ச்சும் அதே மாதிரி வெளிறி நின்றது. திங்கட்கிழமை காலையில் டீச்சருக்காக வாசலிலேயே காத்திருந்தாள்.

"டீச்சர், நான் சொன்னது தப்பாக்கும். அது பொறியில்ல. கேமராவுக்க கண்ணுல தங்குத மிச்சம்."

பாகீரதி டீச்சர் சிரித்துவிட்டார். "கண்டுபிடிச்சதும் நீ, அது தப்புன்னு கண்டுபிடிச்சதும் நீ. அப்போ எனக்கு இங்கே என்ன வேலை?" என்று சொல்லி, துறைத் தலைவரிடம் மாற்றிச் சொல்லப் போனார்.

அக்டோபரில் துலாமழை தொடங்கியது. மத்தியானம் கழிந்தால் இடியும் மின்னலும்தான். காயிலை விட்டு வானத்தைப் பிடித்தால் என்ன என்று விஜயத்துக்குத் தோன்றியது. ஆய்வகத்து ஜன்னலுக்கு உள்ளே, நன்றாகத் தள்ளிக் கேமராவை வைத்தார்கள். முதல் இரண்டு நாள் மழையும் நனைந்த காக்கைகளும்தான் கிடைத்தன. மூன்றாம் நாள் நாலு மணிக்குத் தென்னந்தலைகளுக்கு மேலே ஒன்று இறங்கியது.

டெக்கில் ஒவ்வொரு படமாகத் தள்ளினார்கள். முதலில் ஒரு மின்னல். அடுத்ததில் அது மங்கியிருந்தது. அதற்கடுத்ததில், அதே வளைவில், முன்னைவிடப் பளிச்சென்று நின்றது.

"இதும் அந்த மிச்சம்தானே?" என்றார் ஆறுமுகசாமி, ஏமாற்றத்தோடு.

விஜயம் அந்த மூன்று படத்தையும் மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மிச்சம்னா மங்கிட்டேல்லா போணும். இது மங்கி, பொறவு கூடுதலா வெளுக்குது. அண்ணாச்சி, ரெண்டாமத்தது புதுசாட்டு வந்திருக்கு. வந்த வழியிலயே வந்திருக்கு."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒரே மின்னல் ஒரே வழியில் பலமுறை பாய்வதுண்டு என்று அதில் இருந்தது. முன்பே தெரிந்த விஷயம் என்று தயங்கித்தான் சொன்னார்.

"புத்தகத்துல உண்டா?" விஜயத்தின் முகம் மலர்ந்தது. "அப்பம் நான் சரியாத்தான் பாத்திருக்கேன்."

அதன்பின் முதல் வருஷ வகுப்பில் அந்தக் கேசட்டை ஓட்டும்போதெல்லாம் பாஸ் பட்டன் விஜயத்தின் கையில்தான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று வேறு யாருக்கும் தெரியாது. ஆறுமுகசாமிக்கும் அந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. வலியசாலையில் ஒரு கல்யாணத்தில் பந்தி நடக்கையில் மேற்கே மின்னியது. மனிதர் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்குப் போன கேசட்டில், பாயசம் பரிமாற வேண்டிய இடத்தில், ஆறு நிமிஷம் வெறும் மேகம்.