கனிஷாய் அண்ணி தேடிய கேசட்

கனிஷாய் அண்ணிக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பொய்ப்பல் செய்யும் வேலை. ஞாயிறு வந்தால் பழைய சாமான் சந்தைக்கு ஓடிவிடுவாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வீடியோ கேசட். பனிக்காலத்தில் மேய்ச்சல் மலையில் தனியாகத் தங்கிவிடும் ஒரு பெண்ணின் கதை, கறுப்பு வெள்ளைப் படம். தொண்ணூறுகளில் ஒரு சின்ன கம்பெனி அதைக் கிர்கிஸ் பேச்சோடு கொஞ்சம் கேசட்டுகள் போட்டு விற்றது. பிறகு அந்தக் கம்பெனியே இல்லாமல் போனது.

இன்டர்நெட்டில் படம் கிடைக்கிறது. ஆனால் அதில் ஒரே ஆள் எல்லாருக்கும் ரஷ்ய மொழியில் குரல் கொடுப்பான். கதாநாயகி அழுதாலும் அதே மூக்கடைத்த குரல், கைக்குழந்தைக்கும் அதே குரல். கடைசிக் காட்சியில் அவளை அழைத்துப்போகப் புருஷன் ஆற்றின் அக்கரையில் வந்து நிற்கிறான். இவள் ஏதோ கத்துகிறாள். ரஷ்யக் குரல், "திரும்பிப் போ!" என்கிறது.

"அது இல்ல. 'இது என் இடம், நான் வரமாட்டேன்'னு சொல்லுவா. ஹாஸ்டல்ல அந்தக் கேசட்டுல என் காதால கேட்டேன்" என்பாள் அண்ணி.

"நீயே வசனம் எழுதிக்கிட்டே" என்று என் அண்ணன் சீண்டுவான். அன்றைக்கு முழுக்க வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போடும்.

அவளுக்கு அது வெறும் வசனம் இல்லை. படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவைக்க அவள் அப்பா நகரத்துக்கு வந்தபோது, பஸ் நிலையத்தில் நின்று அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அவரைத் திருப்பி அனுப்பினாளாம்.

போன வசந்தத்தில், அண்ணி சந்தையில் கொடுத்து வைத்திருந்த நம்பருக்குக் கராகோல் ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் சபிரா, தையல்காரி. கேசட் தன்னிடம் இருக்கிறது என்றாள். அண்ணி வேலைக்கு லீவு சொன்னாள், வீடியோ பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு என் டாக்சியில் ஏறினாள்.

"எர்மெக், இது காரா கழுதையா? மிதிடா!"

"அண்ணி, ஏரிக்கரை ரோடு முழுக்க போலீஸ். மாட்டினா நீங்கதான் பேசணும்."

"பேசறேன். நீ ஓட்டு."

சபிரா பால் டீயும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் வைத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். தன் மகன் மக்சாத்தின் கல்யாணத்தை அந்தக் கேசட்டின் மேலேயே பதிவு செய்துவிட்டார்களாம். படத்தின் வால் மட்டும் மிச்சம். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

"போன்ல சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொன்னா பிளேயரத் தூக்கிட்டு வந்திருப்பியா? என் பிளேயர் செத்து எத்தனையோ வருஷம். மகன் மாஸ்கோவுல கிடக்கான். அவன் கல்யாணத்தயாவது பாக்கணும்னு எனக்கு இருக்காதா?"

டிவியில் கல்யாணம் ஓடியது. மாப்பிள்ளை வந்தான், ஆடு வந்தது, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து வாழ்த்தினார்கள். அண்ணியின் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் வேகமா ஓட்டட்டுமா அக்கா?"

"அந்தப் பட்டன்ல கைவச்சே, வாசலப் பாத்து நடந்திடு. பேசறது என் தம்பி."

மணமகளின் முக்காட்டை விலக்கும் நேரத்தில் பிளேயர் முனகியது. திரையில் கோடுகள். நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. சபிரா, "ஐயோ, என் பிள்ளை!" என்று எழுந்துவிட்டாள். படத்தின் பகுதி சிக்காத பக்கம்தான் இருந்தது. கல்யாணப் பகுதியை வெட்டி எறிந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அண்ணி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள், சபிராவைப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள். பிளேயரின் மூடியைக் கழற்றி, இடுக்கியால் நாடாவை ஒவ்வொரு மடிப்பாக விடுவித்தாள். அவ்வளவு நேரம் அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

முக்காடு விலகியது. சபிரா அழுதாள். கல்யாணப் பதிவு பாதியில் முடிந்து, திரை முழுக்கப் பனி.

ஆறு. அக்கரையில் புருஷன். இவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கிர்கிஸில் கத்தினாள்: "கால வைக்காத! ஐஸ் மெல்லிசு!"

அவ்வளவுதான். அண்ணி பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அதேதான்.

"பொண்டாட்டின்னா வேற என்ன சொல்லுவா?" என்றாள் சபிரா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

கல்யாணத்தையும் படத்தின் வாலையும் அண்ணி கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் நகல் எடுத்தோம். கேசட்டைச் சபிரா தரவில்லை, அண்ணியும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் நான்தான் வாய் தவறினேன்.

"அப்ப இத்தனை வருஷமா தப்பாத்தான் ஞாபகம் வச்சிருந்தீங்களா அண்ணி?"

"ஆமா. அந்தத் தப்பு இல்லன்னா இன்னைக்கு எங்கயோ ஆட்டு மந்தைக்கு நடுவுல இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. பிறகு, "அப்ப முன்னாடி காட்சிகள்ல அவ நிஜமா என்ன பேசியிருப்பா?" என்றாள், தனக்குத்தானே.

பாலிக்சி ஊர் வருமுன் போனை எடுத்து யாரிடமோ பேசினாள்.

"எர்மெக், நரின்ல ஒருத்தர்கிட்ட முழுக் கேசட்டும் இருக்காம். இடது பக்கம் திருப்பு."

"அண்ணி, நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்கு!"

"பல்லு காத்திருக்கும். திருப்புடா."

திருப்பினேன். நரின்காரரிடம் அந்தக் கேசட்டின் அட்டைப்பெட்டி மட்டும்தான் இருந்தது. உள்ளே ஏதோ இந்திப் படம். அட்டையையாவது கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த ஞாயிறு கேசட் தேடித் தலாஸ் ஊருக்குப் போகிறோம்.