ஆடியில் வந்த ரேடியோ

மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்த நாட்களில் ரெம்பியாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தேன். மின்சாரம் இல்லாமல் பேட்டரியிலேயே பாடும் புது மாதிரி ரேடியோ சீமையிலிருந்து வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், சித்திரை மாதமே மலாக்கா டவுன் கடையொன்றில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். துரை பங்களாவை விட்டால் தோட்டத்தில் ரேடியோ பாடும் முதல் வீடு என்னுடையதாக இருக்க வேண்டும். ஆபீஸ் முழுக்க அதைச் சொல்லியும் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரும் அதே கடையில் பெயர் கொடுத்தார்.

வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்க் கடையில் நிற்பேன்.

“சபார்லா கிராணியாரே, கொஞ்சம் பொறுங்க. கப்பல் இன்னும் சிங்கப்பூருக்கே வரலை.”

“மூணு மாசமா வருதே, அது கப்பலா கட்டுமரமா முதலாளி?”

ஊரடங்குக்கு முன் வீடு திரும்ப வேண்டும். சண்டையைக்கூட முழுதாகப் போட முடியாது.

ஆடியில் ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன். டிரஸ்ஸர் கொடுத்த கசப்பு மருந்து தலைமாட்டில் இருந்தது. சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து பாட்டு கேட்டது. ஆள் பாடும் பாட்டு இல்லை. வாத்தியங்களோடு, கணீரென்று.

“ஒரே ஒரு பாட்டு கேட்டுட்டு வந்துடறேங்க,” என்று போன என் மனைவி, செய்தியும் முடிந்த பிறகுதான் திரும்பினாள். மருந்தை ஜன்னல் வழியே கொட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை கடையில் நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. கடைக்காரர் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். என் பெயருக்குக் கீழே, என் கையெழுத்தில்: ‘ஆடியில் புதுப்பொருள் வீட்டுக்கு ஆகாது. சரக்கு ஆடியில் வந்தால் ஆவணி முதல் தேதி கொடுக்கவும்.’ அடியில் இரண்டு கோடு. பஞ்சாங்கத்தைப் பார்த்து நானே எழுதியது. கப்பல் ஆனியிலேயே வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அடியோடு மறந்திருந்தேன்.

“அந்தா மேல இருக்கு, உங்களுதுதான். மொதல்ல பிரிச்ச பெட்டியே அதுதான். டிரஸ்ஸருக்கு ஆடியும் கெடையாது, அம்மாவாசையும் கெடையாதுலா. வந்தார், தூக்கிட்டுப் போயிட்டார். இப்ப உங்களுதை எறக்கவா?”

கை தானாக நீண்டது. ஆனால் என் மனைவி ஆடியில் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டாள். இதைக் கொண்டுபோனால் வாசலிலேயே நிறுத்துவாள். அதைவிட, எழுதியது நான். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் டிரஸ்ஸர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். பொறாமையேதான், அதனால்தான் போனேன். நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்.

“என்னுது வந்த கப்பல்லயே உங்களுதும் வந்திருக்கணுமே கிராணியாரே?”

“என்னுது அடுத்த கப்பலாம். நடுக்கடல்ல நிக்குது,” என்றேன். கூட வந்திருந்த என் மனைவி ‘பாவம்’ என்பதுபோல் பார்த்தாள்.

நாட்குறிப்பிலும் அன்று அப்படியே எழுதினேன்: ‘கப்பல் தாமதம்.’ மழை பெய்த நாள்கூடத் தவறாத அந்தப் புத்தகத்தில், தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.